குளிரை உண்டாக்க முடியுமா?
வெப்பமும் மின்சாரமும் பற்றிய சில வீட்டுக் கேள்விகள்

விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கும்போதும், கடும் வெயிற் காலத்திலும், மின்பட்டியல் வீட்டுக்கு வரும் நாளிலும் சில கேள்விகள் தவறாமல் எழுகின்றன. குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து வைத்தால் அறை குளிருமா? மின்விசிறியின் முன்னே ஐஸ் வைத்தால் ஏசி ஆகிவிடுமா? மோட்டாரையும் டைனமோவையும் இணைத்தால் மின்சாரம் இலவசமாகக் கிடைக்குமா? இவை சிறுபிள்ளைத்தனமான கேள்விகள் என்று பெரியவர்கள் சிலர் ஒதுக்கிவிடுவதுண்டு. ஆனால் இவற்றுக்குச் சரியான விடை தெரியாததால் பணத்தை இழந்த குடும்பங்கள் உண்டு. உயிரை இழந்தவர்களும் உண்டு. ஆகவே மாணவிகளும் பெற்றோரும் சேர்ந்து சிந்திக்கத்தக்க சில கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்வோம்.

முதலில் ஓர் அடிப்படை. குளிர் என்று தனியான ஒரு பொருள் இல்லை. வெப்பம் குறைந்திருக்கும் நிலையையே குளிர் என்கிறோம். வெப்பத்தை அழிக்கவும் முடியாது. ஓர் இடத்திலிருந்து எடுத்து இன்னோர் இடத்தில் விடலாம். அவ்வளவுதான். சக்திக் காப்பு விதி என்று வகுப்பில் படிப்பது இதைத்தான். இந்த ஒரு விதியைக் கையில் வைத்துக்கொண்டால் பின்வரும் கேள்விகள் எல்லாவற்றுக்கும் நாமே விடை கண்டுவிடலாம்.

குளிர்சாதனப் பெட்டியின் கதவைத் திறந்து வைத்தால் அறை குளிருமா?

குளிராது. அறை முன்னிருந்ததைவிடச் சூடாகும்.

குளிர்சாதனப் பெட்டிக்குள் ஒரு குழாய்த் தொகுதியில் எளிதில் ஆவியாகும் திரவம் ஓடுகிறது. அது பெட்டியின் உட்புறத்தில் ஆவியாகும்போது அங்குள்ள வெப்பத்தை உறிஞ்சுகிறது. அந்த ஆவியை அமுக்கி அழுத்தி, பின்புறக் குழாய்களுக்கு அனுப்புகிறது. அங்கே அது மீண்டும் திரவமாக ஒடுங்கும்போது, உள்ளே பெற்ற வெப்பத்தை வெளியே விடுகிறது. பெட்டியின் பின்புறத்திலோ பக்கச் சுவரிலோ கையை வைத்தால் சூடு தெரிவது இதனால்தான்.

ஓர் உதாரணம் பார்ப்போம். அமுக்கி 100 வாற்று மின்வலுவைப் பயன்படுத்தி, உள்ளிருந்து ஒவ்வொரு செக்கனும் 200 யூல் வெப்பத்தை எடுக்கிறது என்று கொள்வோம். பின்புறத்தால் வெளியேறும் வெப்பம் 200 யூல் அல்ல, 300 யூல். அமுக்கி செலவிட்ட மின்சக்தியும் இறுதியில் வெப்பமாகவே மாறுகிறது அல்லவா? கதவு திறந்திருந்தால் முன்புறம் அறையிலிருந்து 200 எடுக்கப்பட்டு, பின்புறம் அதே அறைக்குள் 300 விடப்படும். மிச்சம் 100 வாற்று சூடு. அதற்கு மேல், அமுக்கி ஓய்வே இல்லாமல் ஓடும். மின்பட்டியலும் ஏறும்.

ஏசி இயந்திரமும் இதே வேலையைத்தான் செய்கிறது. ஆனால் அதன் பின்பாதி வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வெப்பத்தை வெளியே கொண்டுபோய் விடுவதால்தான் அறை குளிர்கிறது.

இதிலிருந்து வீட்டுக்கு ஒரு பாடம் உண்டு. குளிர்சாதனப் பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. பின்னால் காற்றோட்டம் இல்லாவிட்டால் வெப்பம் வெளியேற முடியாமல் அமுக்கி நீண்ட நேரம் ஓடும். நோன்பு காலத்தில் கொதிக்கும் கஞ்சிப் பானையை அப்படியே உள்ளே வைப்பதும் இதே சுமையைத்தான் தருகிறது. சூடு தணிந்த பின்பு, அதிக நேரம் வெளியே விட்டுவிடாமல், சிறு பாத்திரங்களில் ஊற்றி வைப்பது நல்லது.

மின்விசிறிக்கு முன்னால் ஐஸ் வைத்தால் ஏசி ஆகுமா?

ஒரு கிலோகிராம் ஐஸ் உருக ஏறத்தாழ 334 கிலோயூல் வெப்பம் வேண்டும். உருகிய நீர் 25 பாகை செல்சியஸ் வரை சூடேற இன்னும் 105 கிலோயூல். ஆக மொத்தம் ஏறக்குறைய 440 கிலோயூல் வெப்பத்தை அது அறையிலிருந்து எடுக்கும். கேட்கும்போது பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் வீடுகளில் பொருத்தப்படும் ஒரு சிறிய ஏசி ஒவ்வொரு செக்கனும் சுமார் 3.5 கிலோயூல் வெப்பத்தை அகற்றும். 440ஐ 3.5ஆல் பிரித்தால் 126 செக்கன். அதாவது ஒரு கிலோ ஐஸ், ஏசியின் இரண்டு நிமிட வேலைக்குச் சமம்!

ஏசி வாங்கும்போது 'ஒரு தொன்' என்று சொல்வார்களே, அந்தச் சொல்லும் ஐஸிலிருந்து வந்ததுதான். 2000 இறாத்தல் நிறையுள்ள ஐஸ் 24 மணித்தியாலத்தில் உருகி எவ்வளவு வெப்பத்தை உறிஞ்சுமோ, அந்த வீதமே ஒரு தொன். இயந்திரக் குளிரூட்டல் வருவதற்கு முன் ஐஸ் கட்டிகளைக் கொண்டு குளிரூட்டிய காலத்தின் நினைவு அது.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. அந்த ஐஸை உருவாக்கிய குளிர்சாதனப் பெட்டி, அதிலிருந்து எடுத்த வெப்பத்தை நமது குசினிக்குள்ளேயே விட்டிருக்கிறது. விசிறியின் முன்னால் இருப்பவருக்குச் சிறிது நேரம் இதமாக இருக்கும். வீடு குளிராது.

மின்விசிறி மட்டும் காற்றைக் குளிர்விக்கிறதா என்றால் அதுவும் இல்லை. அது நமது தோலிலுள்ள வியர்வையை விரைவாக ஆவியாக்குகிறது. ஆள் இல்லாத அறையில் சுழலும் விசிறி, 60 வாற்று அளவுக்கு அந்த அறையைச் சூடாக்கிக்கொண்டிருக்கிறது. அறையை விட்டு வெளியேறும்போது விசிறியை நிறுத்துவது வீண்விரயத்தைத் தவிர்ப்பது மட்டுமல்ல, விஞ்ஞானப்படியும் சரியானதே.

மண்பானையில் தண்ணீர் குளிர்வது எப்படி?

மண்பானையின் நுண்துளைகள் வழியாக நீர் கசிந்து வெளிப்புறத்தில் ஆவியாகிறது. ஒரு கிராம் நீர் ஆவியாகச் சுமார் 2.4 கிலோயூல் வெப்பம் தேவை. அந்த வெப்பம் பானையிலிருந்தும் உள்ளிருக்கும் நீரிலிருந்தும் எடுக்கப்படுகிறது. பத்து லீற்றர் நீருள்ள பானையில் 100 கிராம் மட்டும் ஆவியானால் 240 கிலோயூல் போய்விடும். பத்து லீற்றர் நீரை ஒரு பாகை குளிர்விக்க 42 கிலோயூல் அகற்ற வேண்டும். ஆகவே, வெளியிலிருந்து வெப்பம் உள்ளே வராவிட்டால் நீர் ஏறத்தாழ 6 பாகை குளிரும். மின்சாரம் ஒரு துளியும் தேவையில்லை.

இந்த எளிய உண்மையைக் கொண்டு பெரும் பணி செய்தவர் நைஜீரியாவின் முஹம்மத் பாஹ் அப்பா. பானை வனையும் குடும்பத்தில் பிறந்த இந்த ஆசிரியர், ஒரு பெரிய மண்பானைக்குள் சிறிய பானையை வைத்து, இடைவெளியில் ஈர மணலை நிரப்பி, மேலே ஈரத் துணியால் மூடினார். மூன்று நாளில் பழுதாகும் கத்தரிக்காய் அதற்குள் 27 நாட்கள் கெடாமல் இருந்தது. மின்சாரம் எட்டாத வட நைஜீரியக் கிராமங்களுக்கு இப்பானைகள் போய்ச் சேர்ந்தன. 2000ஆம் ஆண்டில் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இதில் நம்மைப் போன்ற மாணவிகள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. காய்கறி கெடுவதற்குள் விற்று வரும்படி அக்கிராமங்களின் சிறுமிகளே அன்றாடம் அனுப்பப்பட்டார்கள். காய்கறி கெடாமல் இருந்தபோது அவர்களுக்குப் பாடசாலை செல்ல நேரம் கிடைத்தது. ஒரு மண்பானை கல்விக்கு வழி திறந்தது!

அப்படியானால் இங்கும் அதைச் செய்யலாமே என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் காற்றின் ஈரப்பதனைக் கவனிக்க வேண்டும். ஆவியாதல் மூலம் எவ்வளவு குளிர்விக்கலாம் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. வெப்பநிலை 35 பாகையும் சாரீரப்பதன் 30 வீதமும் உள்ள உலர்ந்த இடத்தில் ஏறத்தாழ 22 பாகை வரை இறங்கலாம். 31 பாகையும் 80 வீதமும் உள்ள கடலோர ஊரில் 28 பாகைக்குக் கீழே போகாது. கொழும்பு, காலி, பேருவளை போன்ற ஈரமான ஊர்களில் இந்தப் பானை ஏமாற்றிவிடும். கிழக்கில் கச்சான் காற்று வறண்டு வீசும் மாதங்களில் நன்றாக வேலை செய்யும். தண்ணீர் ஊற்றிப் பயன்படுத்தும் 'எயார் கூலர்' வாங்க நினைக்கும் பெற்றோருக்கும் இதே கணக்குத்தான். அதுவும் காற்றில் ஈரத்தைச் சேர்த்தே குளிர்விக்கிறது. மூடிய அறையில் வைத்தால் சற்று நேரத்தில் புழுக்கமே மிஞ்சும்.

வேகமாகக் கொதிக்கும் கேத்தல் அதிக மின்சாரம் எடுக்குமா?

ஒரு லீற்றர் நீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 302 கிலோயூல் தேவை. 2000 வாற்றுக் கேத்தல் இதை இரண்டரை நிமிடத்தில் கொடுக்கும். 1000 வாற்றுக் கேத்தலுக்கு ஐந்து நிமிடம். செலவாகும் சக்தி ஏறக்குறைய ஒன்றே. மெதுவான கேத்தல் நீண்ட நேரம் சூட்டை வெளியே இழப்பதால் சற்றுக் கூடுதலாகவே எடுக்கும். மின்பட்டியலிலுள்ள ஓர் அலகு என்பது 3600 கிலோயூல். ஓர் அலகில் ஏறத்தாழ 12 லீற்றர் நீரைக் கொதிக்க வைக்கலாம். ஆகவே சேமிப்பு கேத்தலை மாற்றுவதில் இல்லை. இரண்டு கோப்பைத் தேநீருக்கு இரண்டு கோப்பை நீரை மட்டும் ஊற்றுவதில் இருக்கிறது.

ஆனால் வலு கூடும்போது மின்னோட்டமும் கூடும் என்பதை நினைவில் வைக்க வேண்டும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற்று. 2000 வாற்றுக் கேத்தல், 1000 வாற்று மின்னழுத்தி, 700 வாற்று ரைஸ் குக்கர் மூன்றையும் ஒரே நீட்டிப்பு வயரில் பொருத்தினால் 3700 வாற்று. அதாவது 16 அம்பியர். 13 அம்பியருக்காகச் செய்யப்பட்ட வயர் சூடாகி உருகும். பெருநாள் காலையில் அவசரமாக உடுப்பு அழுத்தும்போது இதைக் கவனிப்பது உயிர் காக்கும் காரியம்.

மோட்டாரால் டைனமோவைச் சுழற்றி, அந்த மின்சாரத்தாலேயே மோட்டாரை ஓட்டலாமா?

கண்காட்சிக்கு அடிக்கடி வரும் யோசனை இது. மோட்டாரின் வினைத்திறன் 80 வீதம், டைனமோவினது 80 வீதம் என்று கொள்வோம். கொடுத்த 100 பங்கில் 80 பங்கு சுழற்சியாகும். அதில் 80 வீதமான 64 பங்கே மின்சாரமாகத் திரும்பும். அடுத்த சுற்றில் 41. சில செக்கன்களில் எல்லாம் நின்றுவிடும். இழந்த சக்தி எங்கே? உராய்விலும் கம்பிச் சுருளிலும் வெப்பமாகிவிட்டது. எவ்வளவு கவனமாகச் செய்தாலும் 100க்கு மேல் திரும்பி வராது.

செருகினாலே மின்பட்டியல் பாதியாகும் என்று விற்கப்படும் சிறு பெட்டிகளையும் இதே கண்ணோடு பாருங்கள். அவற்றுள் பெரும்பாலும் ஒரு கொள்ளளவியும் சிறு விளக்கும்தான் இருக்கும். வீட்டு மின்மானி நாம் உண்மையில் பயன்படுத்திய சக்தியையே கணக்கிடுகிறது. அப்பெட்டி அதைக் குறைக்காது.

மின்வெட்டின்போது மின்பிறப்பாக்கியை வீட்டுக்குள் இயக்கலாமா?

ஒருபோதும் கூடாது. 2022 மார்ச் இறுதியில் நாட்டில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்டதை நாம் மறக்கவில்லை. அத்தகைய காலங்களில்தான் ஆபத்து அதிகம். எரிபொருள் போதிய ஒட்சிசன் இன்றி எரியும்போது காபன் மொனொக்சைட்டு வாயு உண்டாகிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிணைந்துகொள்ளும். தலைவலி, மயக்கம், பின்பு மரணம். உறங்குபவர் விழிக்காமலே போய்விடுவார். மூடிய அறையில் கரியடுப்பு வைப்பதும் இதே ஆபத்துத்தான். ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும் என்பது தவறான நம்பிக்கை. மின்பிறப்பாக்கி வீட்டுக்கு வெளியே, கதவு ஜன்னல்களுக்குத் தூரமாகவே இருக்க வேண்டும்.

செய்துபார்க்க விரும்பும் மாணவிகளுக்கும் ஒரு வேண்டுகோள். பழைய குளிர்சாதனப் பெட்டியின் குழாயை வெட்டாதீர்கள். புதிய பெட்டிகள் பலவற்றில் தீப்பற்றக்கூடிய ஐசோபியூட்டேன் வாயு உண்டு. மைக்ரோவேவ் அடுப்பைக் கழற்றாதீர்கள். செருகியை எடுத்த பின்னும் அதன் கொள்ளளவி உயிரைப் பறிக்கும் மின்னேற்றத்தை வைத்திருக்கலாம். இரண்டு மண்பானை, ஒரு வெப்பமானி, ஒரு தராசு இருந்தால் போதும். ஒரு வாரம் காலையும் மாலையும் அளந்து அட்டவணை எழுதினால் அதுவே நல்ல ஆய்வாகும்.

புதிய சாதனம் எதைக் கண்டாலும், எந்த விளம்பரத்தைக் கேட்டாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். சக்தி எங்கிருந்து வருகிறது? வெப்பம் எங்கே போகிறது? எத்தனை யூல்? இந்த மூன்றுக்கும் விடை சொல்ல முடியாத சாதனத்துக்குப் பணம் கொடுக்க வேண்டாம்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. மகள் குசினியில் நின்று "இது ஏன் சூடாகிறது உம்மா?" என்று கேட்டால் வேலையைக் கெடுக்கிறாள் என்று எண்ணாதீர்கள். ஒரு வெப்பமானியை வாங்கிக் கொடுங்கள். அந்தக் கேள்வியிலிருந்து நாளை நமது ஊருக்கு ஒரு பொறியியலாளர் கிடைக்கலாம், இன்ஷா அல்லாஹ்.