எலியின் குருதியில் நொதியை அளப்பது

கடைசல் பட்டறைகளுக்கும் இயந்திர உதிரிபாகங்களுக்கும் பெயர்பெற்ற பெங்களூரின் பீன்யா தொழிற்பேட்டையில், மருந்துகளும் பூச்சிக்கொல்லிகளும் மக்களைச் சென்றடையும் முன் அவற்றின் நச்சுத்தன்மையை எலிகளிடம் சோதித்தறியும் ஆய்வகம் ஒன்றும் உண்டு. ராலிஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையமாக இருந்து, டாட்டா குழுமத்தின் அட்வினஸாகி, 2017-இல் யூரோஃபின்ஸ் குழுமத்தின் வசம் சென்ற நிலையம் அது. இத்தகைய நிலையங்கள் பின்பற்றும் பன்னாட்டு நெறிப்படி, 90 நாள் நச்சுச் சோதனை ஒன்றுக்கு மூன்று மருந்தளவுக் குழுக்களும் ஓர் ஒப்பீட்டுக் குழுவும் வேண்டும். குழுவுக்கு 10 ஆண், 10 பெண் எனக் குறைந்தது 80 எலிகள் தேவைப்படுகின்றன.

நொதி என்பது உடலின் வேதிவினைகளை விரைவுபடுத்தும் புரதம். கல்லீரல் செல்கள் சிதையும்போது அவற்றினுள் இருந்த நொதிகள் குருதியில் கசிவதால், குருதியில் அவற்றை அளந்து உறுப்பின் சேதத்தை அறியலாம். அதற்கான வழிகளுள் ஒன்று, 1971-இல் ஸ்டாக்ஹோமில் ஈவா எங்வாலும் பீட்டர் பெர்ல்மனும் வெளியிட்ட எலைசா முறை. இன்று கிட்டாக, அதாவது ஆயத்தச் சோதனைத் தொகுப்பாக, விற்கப்படும் அதில், 96 குழிகள் கொண்ட நெகிழித் தட்டின் ஒவ்வொரு குழியிலும் ஓர் எதிர்ப்பொருள், அதாவது குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் பற்றிக்கொள்ளும் புரதம், பூசப்பட்டிருக்கும். எலியின் சீரத்தை, அதாவது குருதி உறைந்தபின் பிரியும் தெளிந்த நீர்மத்தை, ஊற்றினால் அந்த எதிர்ப்பொருள் தான் தேடும் நொதியைப் பிடித்துக்கொள்ள, அதன்மேல் இரண்டாவது எதிர்ப்பொருள் வந்து ஒட்டுகிறது. அதனுடன் பிணைக்கப்பட்ட மற்றொரு நொதி, நிறமற்ற கரைசலை நீலமாக்குகிறது. அமிலம் சேர்த்ததும் மஞ்சளாகும் அந்நிறத்தின் அடர்த்தியைக் கருவி அளந்து, அளவு தெரிந்த கரைசல்களோடு ஒப்பிட்டு எண்ணாகத் தருகிறது.

இந்த எண் நொதி எவ்வளவு இருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. எலைசா முடிவுகளைப் படிப்போர் முதன்மையாக மனத்தில் இருத்த வேண்டியது இதுவே. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிக்கொல்லி, நரம்புச் சமிக்ஞையை முடித்துவைக்கும் அசிட்டைல்கோலினெஸ்டரேஸ் நொதியைச் செயலிழக்கச் செய்கிறது. மூலக்கூறு அங்கேயே இருப்பதால், அளவை மட்டும் பார்க்கும் கிட், நஞ்சேறிய எலியையும் நலமாக இருப்பதாகக் காட்டக்கூடும். ஆகவே அங்கே நொதியின் வினைவேகத்தை அளக்கும் எல்மன் முறையே பொருந்தும். மாறாக, வினைவேகத்தால் பிரித்தறிய முடியாத ஒத்த நொதிகளில் ஒன்றை மட்டும் கண்டறிய வேண்டுமெனில், எதிர்ப்பொருளே சிறந்த கருவி.

வேறு சிக்கல்களும் உண்டு. மனித நொதிக்கென உருவாக்கிய எதிர்ப்பொருள் எலியின் நொதியை அடையாளம் காணும் என்ற உறுதியில்லை. சுண்டெலிக்கான கிட்டும் அப்படியே. குருதி எடுக்கும்போது சிவப்பணுக்கள் உடைந்தால், அவற்றிலுள்ள லாக்டேட் டீஹைட்ரஜனேஸ் கலந்து அளவைக் கூட்டிவிடும். எடுத்தவரின் கைப்பிழை மருந்தின் நஞ்சாகப் பதிவாகிவிடும். 250 கிராம் எலியின் உடலில் ஏறத்தாழ 16 மில்லிலிட்டர் குருதியே இருப்பதால், மீண்டும் எடுத்துப் பார்க்கவும் வாய்ப்பு குறைவு.

எனவே கிட்டின் பெட்டியில் அச்சிட்டதை அப்படியே ஏற்காமல், எலிகளைத் தொடும் முன்பே ஆய்வகம் தானே அதைச் சோதிக்க வேண்டும். சீரத்தைப் பாதியாக நீர்க்கச் செய்தால் எண்ணும் பாதியாக வேண்டும். அளவு தெரிந்த நொதியைச் சேர்த்தால் அதே அளவு கூடித் தெரிய வேண்டும். அவ்வாறு தெரியாவிடில், எதிர்ப்பொருள் வேறெதையோ பற்றிக்கொண்டிருக்கலாம், அல்லது சீரத்திலுள்ள வேறு பொருள் அதன் பிடியைத் தடுத்துக்கொண்டிருக்கலாம்.