உப்புத்தண்ணி ஊரில் ஒரு கீசர்

சங்கரன்கோவில் வீடுகளில் இரண்டு தண்ணீர் உண்டு. தாமிரபரணியிலிருந்து கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் வரும் நகராட்சித் தண்ணீர் நல்லதண்ணி. போரிலிருந்து மோட்டார் போட்டு மேல்தொட்டிக்கு ஏற்றுவது உப்புத்தண்ணி. நல்லதண்ணியைக் குடிக்கவும் பருப்பு வேகவைக்கவும் பிடித்து வைப்பார்கள். குளிக்க, துவைக்க, கழுவ எல்லாம் மேல்தொட்டித் தண்ணீர்தான். குளியலறைச் சுவரில் மாட்டியிருக்கும் கீசருக்குள் போவதும் அதுவே. நாலைந்து வருடம்கூடத் தாங்காமல் கீசர் ஒழுக ஆரம்பித்தால் கம்பெனியைத் திட்டுகிறோம். ஆனால் பெரும்பாலும் குறை தண்ணீரிலும், அந்தத் தண்ணீரைக் கீசருக்குக் கொண்டுபோன குழாய் வேலையிலும்தான் இருக்கும்.

இந்தப் பக்கத்துக் கரிசல் மண்ணைத் தோண்டினால் சுக்கான்கல் கிடைக்கும். திருநெல்வேலிக்குப் பக்கத்திலுள்ள தாழையூத்தில் சிமெண்ட் ஆலை வந்ததும் சுண்ணாம்புக்கல்லை நம்பித்தான். மழைநீர் மண்ணுக்குள் இறங்கும்போது அங்குள்ள கரியமில வாயுவைச் சேர்த்துக்கொண்டு லேசான அமிலமாகிறது; சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து கால்சியம் பைகார்பனேட்டாகச் சுமந்து வருகிறது. இதைச் சூடாக்கினால் வாயு வெளியேறிவிடும். கரைந்திருந்த சுண்ணாம்பு கரையாத கால்சியம் கார்பனேட்டாகப் படியும். சர்க்கரை சூட்டில் அதிகம் கரையும். இது நேர்மாறாக, சூடு ஏற ஏறக் குறைவாகக் கரையும். அதனால்தான் தண்ணீர் முழுவதிலும் சூடு மிகுந்த இடமான ஹீட்டிங் காயில் மேலேயே முதலில் ஒட்டுகிறது. குடிநீருக்கான இந்தியத் தர நிர்ணயம் கடினத்தன்மையை லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருக்கச் சொல்கிறது. வேறு தண்ணீருக்கு வழியில்லாவிட்டால் 600 வரை பொறுத்துக்கொள்கிறது. கீசருக்கோ 200-ஐத் தாண்டினாலே தொல்லை தொடங்கிவிடும்.

பழைய கீசரின் அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தால் இது புரியும். முதலில் சேறுபோல் வெள்ளைத் தண்ணீர் கொட்டும். பிறகு முட்டையோடு மாதிரித் தகடு தகடாகச் சுண்ணாம்புச் சில்லுகள் விழும். காயில் எங்கே இருக்கிறது என்றே தெரியாத அளவுக்கு மேலே பழுப்பும் வெள்ளையுமாகக் கெட்டிப்பட்டிருக்கும். இந்தப் படிவு சூட்டைக் கடத்தும் திறன் செம்பின் திறனில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இதனால் கரண்ட் பில் ஏறுவதாகச் சொல்வார்கள். அது பெரிய கணக்கல்ல, காயிலின் சூடு எப்படியும் தண்ணீருக்குள்தானே போகவேண்டும். உண்மையான நஷ்டம் காயிலுக்கு. சூடு வெளியேற வழியில்லாமல் அதன் உறை அளவுமீறிக் காய்ந்து வெடிக்கிறது. கீசர் ஓடும்போது உள்ளே கடகடவென்று சத்தம் கேட்டால், படிவுக்கு அடியில் சிக்கிய தண்ணீர் ஆவியாகிக் குமிழியிடுகிறது என்று அர்த்தம்.

அதே தட்டில் காயிலுக்குப் பக்கத்தில் ஒரு மெக்னீசியக் கம்பி திருகியிருக்கும். பலர் இதைக் கவனிப்பதே இல்லை. 1824-இல் ஹம்ப்ரி டேவி, கப்பல்களின் அடியில் அடித்த செம்புத் தகடு கடல்நீரில் அரிக்காமலிருக்கத் துத்தநாகத்தையும் இரும்பையும் அதோடு சேர்த்துப் பொருத்திப் பார்த்தார். எளிதில் அரிபடும் உலோகம் அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ள, மற்றது பிழைத்தது. கீசரிலும் அதே வேலைதான். உள்தொட்டியின் பூச்சில் கீறல் விழுந்த இடத்தில் இரும்புக்குப் பதிலாக மெக்னீசியம் கரைகிறது. உப்பு கூடுதலாக உள்ள தண்ணீரில் மின்னோட்டம் எளிதாகப் பாயும் என்பதால் கம்பியும் சீக்கிரம் தேயும். நடுவில் உள்ள மெல்லிய இரும்புக் கம்பி மட்டும் மிஞ்சியிருந்தால் அடுத்து அரிபடுவது தொட்டிதான். நம் ஊர்த் தண்ணீருக்கு வருடத்துக்கு ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது. புதுக் கம்பியின் விலை கீசர் விலையோடு ஒப்பிட்டால் அற்பம்.

இந்த விஷயத்தில் நாம் கற்றுக்கொள்ளவேண்டியது அமெரிக்கர்கள் காருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் வீட்டு வண்டிகளிடம். அவற்றில் சுமார் 23 லிட்டர் கொள்ளும் ஹீட்டர் இருக்கும், ஏறக்குறைய நம் வீட்டு அளவு. சில மாடல்களில் மெக்னீசியக் கம்பியேதான் தொட்டியின் வடிகால் மூடியும். அதைத் திருகி எடுத்தால் தண்ணீரும் வண்டலும் வெளியேறும், கம்பியும் கையில் வந்துவிடும். பனிக்காலத்தில் தொட்டியில் தண்ணீர் உறைந்து வெடிக்காமலிருக்க அதைக் காலியாக வைத்து, குழாய்களில் செலுத்தும் உறைதடுப்புத் திரவத்தை மட்டும் பக்கவழியாக விட மூன்று வால்வு பொருத்தியிருப்பார்கள்.

நமக்குப் பனி இல்லை, ஆனால் அந்த மூன்று வால்வு தேவை. கீசருக்குப் போகும் பச்சைத்தண்ணீர்க் குழாயில் ஒரு பால் வால்வு, வெளிவரும் வெந்நீர்க் குழாயில் ஒன்று, இரண்டையும் இணைக்கும் குறுக்குக் குழாயில் ஒன்று. முதல் இரண்டையும் மூடி மூன்றாவதைத் திறந்தால் கீசரைக் கழற்றிச் சுத்தம் செய்யும்போதும் வீட்டில் தண்ணீர் நிற்காது. வேலை முடிந்ததும் குறுக்கு வால்வை மூட மறந்தால் வெந்நீரோடு பச்சைத்தண்ணீர் கலந்து வெதுவெதுப்பாக வரும். காயில் போய்விட்டது என்று எண்ணி புதுக் காயில் வாங்கிவிட வேண்டாம். வெந்நீர்ப் பக்கம் சி.பி.வி.சி. குழாய்தான் போடவேண்டும். சாதாரண பி.வி.சி. 60 டிகிரிச் சூட்டிலேயே இளகத் தொடங்கும்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்லவேண்டும். நுழைவாயில் வால்வு சேஃப்டி வால்வுக்கு முன்னால்தான் வரவேண்டும். சேஃப்டி வால்வுக்கும் கீசருக்கும் நடுவில் எதுவுமே கூடாது. 25 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 75 டிகிரிக்குச் சூடானால் அரை லிட்டருக்கு மேல் விரியும். சேஃப்டி வால்வு தண்ணீரை மேல்தொட்டிப் பக்கம் திரும்ப விடாததால் அந்த உபரி அதன் வழியே சொட்டும். அது பழுதல்ல. சொட்டுகிறதே என்று எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, தெர்மோஸ்டாட்டும் ஒருநாள் கோளாறானால், கீசர் குண்டாகிவிடும்.

மேல்தொட்டிக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு தொட்டி வைத்து, நகராட்சித் தண்ணீர் வரும் நாளில் நிரப்பி, அதிலிருந்து கீசருக்குத் தனிக்குழாய் இறக்க முடிந்தால் அதைவிட நல்ல மாற்றம் இல்லை. மாடியில் சோலார் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன். அங்கே கண்ணாடிக் குழாய்களின் அடியில் சுண்ணாம்பு தேங்கி, வெயில் அடித்தும் தண்ணீர் சூடாகாமல் போகும்.

படிவை எடுக்க மளிகைக் கடை லெமன் சால்ட் போதும். வெந்நீரில் கரைத்துக் காயிலை ஊறவைத்தால் நுரைத்துக் கரையும். கக்கூஸ் கழுவும் ஆசிட் உலோகத்தையே தின்றுவிடும், தொடவேண்டாம். தெர்மோஸ்டாட்டை 60 டிகிரிக்கு மேல் ஏற்றாமலிருந்தாலே படிவின் வேகம் குறையும். வேலைக்கு முன் எம்.சி.பி.யை இறக்கிவிட்டுத் தண்ணீர் ஆறும்வரை காத்திருங்கள். எல்லாம் பூட்டியபின் வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று கொப்பளிப்பது நின்று தண்ணீர் ஒரே சீராக விழுந்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள். வெறும் தொட்டியில் காயில் சில நிமிடம் எரிந்தாலே போதும், அதன் கதை முடிந்துவிடும்.