பலகையில் எஞ்சும் செப்புத் துண்டுகள்

மின்னணுக் கருவிகளின் உள்ளே காணப்படும் சர்க்யூட் போர்டில் பாகங்களை ஒன்றோடொன்று இணைக்கும் மெல்லிய செப்புக் கோடுகள் தடங்கள் எனப்படுகின்றன. பெரும்பாலும் 35 மைக்ரோமீட்டர் தடிமனே கொண்ட இத்தடங்கள் முதலில் கணினியில் வரையப்பட்டு, பின்னரே தொழிற்சாலைக்குச் செல்கின்றன. வரைபடத்தில் உள்ளதை உள்ளவாறே செம்பில் உருவாக்கித் தருவது தொழிற்சாலையின் பணி என்பதால், வடிவமைப்பாளர் அழிக்க மறந்த சிறு துண்டும் பலகையில் இடம்பெற்றுவிடுகிறது.

இத்தகைய துண்டுகள் கவனக்குறைவால் மட்டும் தோன்றுவதில்லை. ஒரு பாகத்தை வேறிடத்துக்கு நகர்த்தும்போதும், பாகத்தின் கால் பற்றவைக்கப்படும் செப்புத் திட்டாகிய பேடின் அளவை மாற்றும்போதும், பழைய தடத்தின் வால் அங்கேயே தங்கிவிடக்கூடும். ஒரே கோட்டின்மீது மற்றொரு கோடு படிந்துவிடுவதும், ஓர் அடுக்கிலிருந்து இன்னோர் அடுக்குக்கு மின்னோட்டத்தைக் கடத்தும் செம்பு பூசிய துளையாகிய வயா ஒரே இடத்தில் இருமுறை வைக்கப்படுவதும் பலமுறை திருத்தப்பட்ட வரைபடங்களில் இயல்பாக நிகழ்பவை.

இவற்றுள் மறுமுனை எதனோடும் சேராமல் நிற்கும் தடமே மிகுந்த தொல்லை தருவது. குறைந்த வேகச் சுற்றுகளில் அது இடத்தை அடைப்பதோடு நின்றுவிடலாம். உயர் அதிர்வெண்ணிலோ அது சைகையை எதிரொலிக்கும் கிளையாக மாறுகிறது. வழக்கமான கண்ணாடியிழைப் பலகையில் சைகை ஒரு நானோ விநாடியில் ஏறத்தாழ 15 சென்டிமீட்டர் செல்வதால், 15 மில்லிமீட்டர் நீளமுள்ள கிளையொன்று 2.5 கிகாஹெர்ட்ஸ் அளவில் கால் அலைநீளத்துக்குச் சமமாகி, முதன்மைத் தடத்தில் அந்த அதிர்வெண்ணைக் குறுக்கிணைப்பு நேர்ந்ததுபோல் விழுங்கிவிடுகிறது. வைஃபையும் புளூடூத்தும் இயங்கும் 2.4 கிகாஹெர்ட்ஸ் இதற்கு மிக அருகில் உள்ளது.

1992இல் பிரான்சைச் சேர்ந்த ஜான்-பியர் ஷராஸ் தொடங்கியதும், பின்னாளில் செர்ன் ஆய்வகத்தின் பங்களிப்பால் வளர்ந்ததுமான கீகேட் என்னும் கட்டற்ற மென்பொருளில் இத்துண்டுகளைக் களைவதற்கென்றே ஒரு கருவி உள்ளது. மிகையான வயாக்களை நீக்குதல், ஒரே நேர்கோட்டில் அமைந்த துண்டுகளை ஒன்றாக்குதல், பேடுக்குள்ளேயே அடங்கிவிட்ட தடங்களை அகற்றுதல், ஒருமுனை இணையாத தடங்களை அழித்தல் என அதன் பணிகள் தனித்தனியே தேர்ந்தெடுக்கத்தக்கவை. எவையெவை மாறப்போகின்றன என்பதை அது முன்கூட்டியே பட்டியலிட்டுக் காட்டுவதால், அப்பட்டியலைப் படித்த பிறகே ஒப்புதல் தருவது நல்லது.

ஏனெனில், ஒருமுனை இணையவில்லை என்பதை மென்பொருள் அறியுமேயன்றி, அது ஏன் இணையவில்லை என்பதை அறியாது. நான்கு துண்டுகளாக வளைந்து சென்று பாதியில் நிற்கும் தடத்தில் கடைசித் துண்டு நீக்கப்பட்டால் மூன்றாவது துண்டின் முனை திறந்துவிடும். அதுவும் நீங்க இரண்டாவது திறக்கும். இவ்வாறே பேடு வரையில் முழுத் தடமும் மறைந்துபோகும். வரைந்து முடிக்காத பலகையில் இத்தேர்வை இயக்கினால் பல மணிநேர உழைப்பு இப்படிக் கரைந்துவிடும். தடமாகவே வரையப்பட்ட ஆன்டெனாவின் திறந்த முனை வேண்டுமென்றே விடப்பட்டது என்பதும் வடிவமைப்பாளருக்கு மட்டுமே தெரிந்த செய்தி.

ஆகவே, எல்லா இணைப்புகளும் நிறைவுற்ற பின் கோப்பின் படியொன்றைச் சேமித்துவிட்டுத் துப்புரவைச் செய்து, பரந்த செப்புப் பரப்புகளை மீண்டும் நிரப்பி, இடைவெளி முதலிய விதிகளைச் சரிபார்க்கும் சோதனையை மறுபடியும் நடத்துவதே முறையான வரிசையாகும். இறுதியாக, தொழிற்சாலைக்கு அனுப்பப்படும் கெர்பர் கோப்புகளை அடுக்கு அடுக்காகத் திறந்து கண்ணால் பார்ப்பதைத் தவிர்க்கலாகாது. பலகை உருவான பின் வெளியடுக்கில் எஞ்சிய துண்டைக் கத்திமுனையால் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருக்கும். உள்ளடுக்கில் புதைந்த துண்டுக்கோ கத்தி எட்டுவதே அரிது.