இரத்தத்தில் அலையும் புற்று விதைகள்



வயிறு எரிந்தால் 'கேஸ்திரிக்தான்' என்று ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு பால்மரம் வெட்டப் போய்விடுகிறோம். பெரும்பாலும் அது அஜீரணமோ புண்ணோதான். சில பேருக்கு வயிற்றுப் புற்றாக இருந்து, தெரிவதற்குள் பரவிவிடுகிறது.

பரவுவது எப்படி? லாலாங் புல்லைப் பாருங்கள். ஓர் ஓரத்தில் பூத்தால் போதும், காற்று அதன் பஞ்சு விதையைத் தோட்டமெங்கும் கொண்டுபோகும். அதுபோல வயிற்றுக் கட்டியிலிருந்து சில உயிரணுக்கள் பிரிந்து இரத்தத்தில் கலக்கின்றன. பெரும்பாலானவை வழியிலேயே செத்துப்போகும். தப்பியவை ஈரலிலோ நுரையீரலிலோ ஒட்டி முளைத்தால்தான் ஆபத்து.

ஆஸ்திரேலிய டாக்டர் தாமஸ் ஆஷ்வொர்த் 1869-லேயே இவற்றைக் கண்டார். எண்ணும் கருவி பிறகுதான் வந்தது. 2004-ல் அமெரிக்காவில் பரவிய மார்புப் புற்றுக்கு அனுமதி கிடைத்தது. எடுப்பது ஏழரை மில்லி இரத்தம், ஒன்றரைத் தேக்கரண்டி. அதிலுள்ள 3,000 கோடிக்கு மேற்பட்ட சிவப்பணுக்களுக்கு நடுவே, புற்று அணு விரல்விட்டு எண்ணும் அளவே இருக்கும்.

வயிற்றுப் புற்று நோயாளிகளிடம் நடந்த பல ஆய்வுகளும் சொல்வது இதுதான்: இந்த அணுக்கள் கூடுதலாக இருந்தவர்களுக்கு நோய் திரும்புவதும் அதிகம், ஆயுள் குறைவதும் அதிகம்.

இரண்டு விஷயத்தை மனதில் வையுங்கள். ஒன்று, இது நோயைக் கண்டுபிடிக்கும் சோதனை அல்ல. ஆரம்ப நோயில் ஓர் அணுகூட அகப்படாமல் போகலாம். இரண்டு, எண்ணிக்கை தலையெழுத்து அல்ல. அது பலபேரைச் சேர்த்துப் பார்த்த கணக்கு. காசு கட்டிச் செய்யச் சொன்னால், "முடிவு தெரிந்தால் என் மருந்து மாறுமா டாக்டர்?" என்று கேளுங்கள்.

விதை பறக்குமுன் கட்டியைப் பிடிப்பதே மேல். வாரக்கணக்கில் வயிற்றெரிச்சல், கொஞ்சம் பசியாறினாலே வயிறு நிறைவது, உடல் மெலிவது, சாப்பாடு விழுங்கக் கஷ்டம், தார்போலக் கறுப்பு மலம், இரத்த வாந்தி: இவற்றில் எது கண்டாலும் டாக்டரிடம் போய் 'ஸ்கோப்' பார்க்க வேண்டுமா என்று கேளுங்கள். கறுப்பு மலமோ இரத்த வாந்தியோ என்றால் அன்றைக்கே போங்கள்.

வயிற்றுப் புற்றுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் பைலோரி என்னும் கிருமி. மலேசியாவில் மலாய்க்காரர்களைவிட இந்தியர்களிடம் அது அதிகம். மூச்சுச் சோதனையில் தெரியும், மாத்திரையால் ஒழிக்கலாம். சிகரெட்டை விடுங்கள், உப்புக்கண்டம், கருவாட்டைக் குறையுங்கள்.

"எனக்கு ஒண்ணுமில்லே" என்று வீட்டுப் பெரியவர் சொன்னால் விட்டுவிடாதீர்கள். டாக்டர் கொடுக்கும் எம்.சி. நம் உரிமை. கையோடு கூட்டிப் போங்கள்!