ஓடும் ரயிலில் எஞ்சின் மாற்றம்

தலைமுறை கடந்த டிக்கெட் சாஃப்ட்வேருக்கு விடைகொடுக்க முனைந்திருக்கிறது ரயில்வே. புதிதாக புரோகிராம் எழுதுவதல்ல சிக்கல். பழையதற்குள் புதைந்துகிடக்கும் விதிகளைத் தோண்டியெடுப்பதுதான்.

காலை மணி பத்து. ஏசி வகுப்புக்கான தத்கல் திறக்கும் நொடி. பாட்னாவிலும் போபாலிலும் பெங்களூரிலும் லட்சக்கணக்கான விரல்கள் ஒரே நேரத்தில் ஒரே பட்டனை அழுத்துகின்றன. திரையில் ஒரு சின்னச் சக்கரம் சுற்றத் தொடங்குகிறது. அது நிற்கும்போது பெர்த் போய்விட்டிருக்கும். பயணி திட்டித் தீர்ப்பது இணையதளத்தை. பாவம், அது வெறும் வாசல். கணக்கெல்லாம் நடப்பது பின்கட்டில்.

அந்தப் பின்கட்டுக்குப் பெயர் பி.ஆர்.எஸ். - பயணிகள் முன்பதிவு அமைப்பு. கவுன்ட்டரில் படிவம் நீட்டுபவரும் கைபேசியில் தட்டுபவரும் கடைசியில் வந்து சேர்வது இங்கேதான். 2025-ல் ரயில்வே அமைச்சர் அஷ்வினி வைஷ்ணவ் நாடாளுமன்றத்தில் தந்த விவரப்படி, அப்போதிருந்த அமைப்பு 2010-ல் நிறுவப்பட்டது. ஐடானியம் சர்வர்களில், ஓபன் வி.எம்.எஸ். என்ற ஆதார மென்பொருளின் மேல் ஓடுவது. இதை அடியோடு மாற்றியமைக்க ஒதுக்கப்பட்ட தொகை 182 கோடி ரூபாய். டிக்கெட் தரும் வேகம் நான்கு மடங்காக வேண்டும் என்பது இலக்கு. இலக்கு பெரிதுதான். ஆனால் பழைய அமைப்பும் லேசுப்பட்டதல்ல: அதே ஆண்டு மே 22 அன்று ஒரே நிமிடத்தில் 31,814 டிக்கெட்டுகளைப் பதிவு செய்து காட்டியது.

பிறகு ஏன் மாற்ற வேண்டும்? காரணம் அதன் வம்சாவளியில் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வருமுன் ஒவ்வொரு ரயிலுக்கும் ஒரு தடித்த பேரேடு. அந்தப் பேரேடு இருக்கும் கவுன்ட்டரில்தான் அந்த ரயிலுக்கு வரிசை. திரும்பி வரும் டிக்கெட்டுக்குத் தந்தி போகும். பதில் வந்தால் அதிர்ஷ்டம். 1985-86-ல் தில்லியில் 'இம்ப்ரெஸ்' என்ற கணினி முன்பதிவு தொடங்கியது. உருவாக்கியது அப்போது அரசு நிறுவனமாக இருந்த சி.எம்.சி. 1986-ல் ரயில்வே தனக்கென 'கிரிஸ்' என்ற தகவல் தொழில்நுட்ப அமைப்பை நிறுவிக்கொண்டது. கிரிஸ் எழுதிய 'கான்செர்ட்' 1994-ல் செகந்திராபாத்தில் அரங்கேறியது. தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து மையங்களும் 1999-ல் ஒரே வலையில் இணைந்தன. எந்த ஊரிலிருந்தும் எந்த ஊருக்கும் டிக்கெட் என்பது அப்போதுதான் நிஜமானது. சண்டிகரில் வேலை பார்த்த தமிழர் மதுரையிலிருந்து திரும்பும் டிக்கெட்டையும் கையில் வைத்துக்கொண்டே புறப்படலாம் என்பது அந்நாளில் சின்ன விஷயமல்ல.

இந்த சாஃப்ட்வேர் எழுதப்பட்டது ஃபோர்ட்ரான், சி மொழிகளில். ஓடியது டிஜிட்டல் எக்விப்மென்ட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கம்ப்யூட்டர்களில். அந்த நிறுவனத்தை 1998-ல் காம்பாக் விழுங்கியது. காம்பாக்கை 2002-ல் ஹியூலட் பேக்கர்ட் விழுங்கியது. அதுவும் 2015-ல் இரண்டாகப் பிளந்தது. ஐடானியம் சிப்பைத் தயாரித்த இன்டெல் 2021-ல் அதன் கடைசி சரக்கை அனுப்பிவிட்டுக் கடையை மூடியது. சி.எம்.சி.கூட டாடா வசம் போய், 2015-ல் டி.சி.எஸ்.ஸில் கரைந்துவிட்டது. செய்தவர்கள் ஒவ்வொருவராக மறைய, அவர்களுடைய சாமான் மட்டும் நம் ஊரில் டிக்கெட் அடித்துக்கொண்டிருந்தது. உதிரி பாகம் கிடைக்காத காரை எவ்வளவு நாள் ஓட்டுவது?

இது ரயில்வேயின் தனிக்கதை அல்ல. 90-களில் இந்தியாவின் மில்களும் மொத்த வியாபாரிகளும் கூட்டுறவு சங்கங்களும் ஃபாக்ஸ்புரோவில் கணக்குப் புரோகிராம்கள் எழுதி வாங்கினார்கள். அதன் கடைசி வாரிசான விஷுவல் ஃபாக்ஸ்புரோவுக்கு மைக்ரோசாஃப்ட் 2015-ல் ஆதரவை நிறுத்திக்கொண்டது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 2000-ம் ஆண்டு பிறக்கும்போது வருடத்தின் கடைசி இரண்டு இலக்கங்களால் வரக்கூடிய குழப்பத்துக்கு அஞ்சி, மேலைநாட்டு வங்கிகள் தங்கள் பழைய கோபால் புரோகிராம்களை இந்தியர்களிடம் கொடுத்துப் பழுதுபார்த்தன. அடுத்தவர் வீட்டுப் பழைய சாஃப்ட்வேரைத் துடைத்தே பெரிதாக வளர்ந்த தொழில் இது. சொந்த வீட்டுப் பரணை ஏறிப் பார்க்கும் முறை வர இவ்வளவு காலமாயிற்று.

பரணில் என்னதான் இருக்கிறது? விதிகள். பழைய ரக ஸ்லீப்பர் பெட்டி ஒன்றில் 72 பெர்த்; அவ்வளவுதானே என்று தோன்றும். தில்லியிலிருந்து சென்னை வரும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸை எடுத்துக்கொள்ளுங்கள். நாக்பூரில் இறங்குபவரின் பெர்த்தை நாக்பூரில் ஏறுபவருக்கு விற்கலாம். ஆக ஒரு பெர்த் என்பது ஒரு சரக்கல்ல, ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் இடையே துண்டு துண்டான சரக்கு. அதன் மேல் கோட்டாக்கள் - பொது, பெண்கள், ராணுவம், வெளிநாட்டவர், இடைநிலையங்கள், எம்.பி.க்களின் கடிதத்தில் திறக்கும் அவசர கோட்டா. அதற்கும் மேல் ஆர்.ஏ.சி.: பக்கவாட்டுக் கீழ் பெர்த்தில் இரண்டு பேர் உட்கார்ந்து வருவது. ஒருவர் ரத்து செய்தால் யார் உட்காருவார், யார் படுப்பார், யார் காத்திருப்பார் என்பதெல்லாம் கண்ணிமைக்கும் நேரத்தில் தீர வேண்டும்.

இந்த மாளிகையில் ஒவ்வொரு அமைச்சரும் ஒரு அறை கட்டினார்கள். 1997-ல் தத்கல். 2015-ல் காத்திருப்போருக்கு வேறு ரயிலில் இடம் தரும் விகல்ப். 2016-ல் 5 முதல் 12 வயதுக் குழந்தைக்குத் தனி பெர்த் வேண்டுமானால் முழுக் கட்டணம். அதே ஆண்டு ராஜதானி, சதாப்தி, துரந்தோ ரயில்களில் 10 சதவீதம் இடம் விற்க விற்க விலை ஏறும் திட்டம். 2020-ல் மூத்த குடிமக்கள் சலுகை நிறுத்தம். 2024 நவம்பரில் முன்பதிவுக் காலம் 120 நாளிலிருந்து 60 நாளாகக் குறைப்பு. அறிவிப்பு வெளியாக ஒரு நாள் போதும். அது புரோகிராமுக்குள் போனதும் பழைய விதியோடு எங்கே உரசுகிறது என்பது எழுதியவருக்கு மட்டுமே தெரியும். 1986-ல் 25 வயதில் வேலைக்குச் சேர்ந்தவர் எப்போதோ ஓய்வு பெற்றிருப்பார். சுற்றறிக்கைகள் கோப்பில் இருக்கும். சுற்றறிக்கையில் இல்லாத நடைமுறை புரோகிராமில் மட்டுமே இருக்கும்.

இதற்கு அஞ்சியே பழைய சாஃப்ட்வேர் வைத்திருப்போர் எல்லோரும் முதலில் வேறு வழி தேடுகிறார்கள். பின்கட்டைத் தொடாமல் முகப்பை மட்டும் புதுப்பிப்பது ஒரு வழி. 2002-ல் ஐ.ஆர்.சி.டி.சி. இணையதளம் வந்தது அப்படித்தான். 2014-ல் அது நிமிடத்துக்கு 2,000 என்பதிலிருந்து 7,200 டிக்கெட்டுக்குத் தாவியதும் வாசலை அகலப்படுத்தியதால்தான். புரோகிராமை அப்படியே தூக்கிப் புதிய இயந்திரத்தில் வைப்பது இன்னொரு வழி. இரண்டும் காலத்தைத் தள்ளிப்போடுபவை, தப்பில்லை. ஆனால் அடித்தளம் கிழடாகிக்கொண்டேதான் இருக்கும்.

மூன்றாவது வழி, புதிதாக எழுதுவது. இதில் ஒரே மூச்சில் மாறிவிடலாம் என்று நினைத்தவர்களின் கதி பிரிட்டனில் தெரிந்தது. 2018 ஏப்ரலில் டி.எஸ்.பி. வங்கி ஒரே வார இறுதியில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட வாடிக்கையாளர்களின் கணக்குகளைப் புதிய அமைப்புக்கு மாற்றியது. தரவுகள் பத்திரமாகவே போய்ச் சேர்ந்தன. அமைப்புதான் படுத்துவிட்டது. சுமார் 19 லட்சம் பேர் தங்கள் கணக்கைத் திறக்க முடியாமல் தவித்தனர். இயல்பு திரும்ப டிசம்பர் ஆயிற்று. 2022-ல் கட்டுப்பாட்டு அமைப்புகள் விதித்த அபராதம் 4.86 கோடி பவுண்டு.

மாறாக பாரத ஸ்டேட் வங்கி 2000-களில் கோர் பேங்கிங்குக்குக் கிளை கிளையாக மாறியது. பல ஆண்டுகள் பிடித்தன. ஒரு கிளையில் தகராறு என்றால் அது அந்தக் கிளையோடு நின்றது. ரயில்வேக்கு அந்த வசதியும் முழுதாக இல்லை. ஒரு ரயிலின் பெர்த்துகள் எல்லா ஊர்களிலும் ஒரே நேரத்தில் விற்பனையாகின்றன. பாதிப் பெட்டி பழைய அமைப்பிலும் பாதி புதியதிலும் இருக்க முடியாது. ரயில் ரயிலாக மாற்றலாம். மாற்றுமுன் இரண்டு அமைப்புகளுக்கும் ஒரே கோரிக்கையை அனுப்பி, விடை ஒன்றாக இருக்கிறதா என்று மாதக்கணக்கில் ஒப்பிடலாம். செலவும் பொறுமையும் கேட்கும் முறை இது. ஆனால் வேறு நல்ல முறை கிடையாது. மொத்த அமைப்பும் ஓய்வெடுப்பது நள்ளிரவை ஒட்டி ஏறத்தாழ அரை மணி நேரம். அறுவை சிகிச்சைக்கு அதுதான் மேஜை.

ஒப்பிடும்போது இன்னொரு தலைவலி வரும். இரு விடைகளும் வேறுபட்டால் எது சரி? ஓர் உதாரணம்: பட்டியல் தயாரான பின்னும் காத்திருப்பில் இருக்கும் இணைய டிக்கெட் தானாகவே ரத்தாகிவிடும். அதே நிலையில் கவுன்ட்டரில் வாங்கிய டிக்கெட் ரத்தாகாது. சாஃப்ட்வேர் நிபுணர் இதைக் குளறுபடி என்று நினைத்துத் திருத்திவிடக்கூடும். இது குளறுபடியல்ல, விதி. இப்படி எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பார்க்கும் வேலையை எந்தப் புதிய தொழில்நுட்பமும் குறைத்துவிடாது. அதற்கு டிக்கெட் கவுன்ட்டரில் 20 வருடம் உட்கார்ந்த குமாஸ்தாவை அழைத்துப் பக்கத்தில் நாற்காலி போட வேண்டும்.

முன்பதிவில் பத்தில் எட்டுக்கு மேல் இணையத்துக்குப் போய்விட்ட பிறகும் அந்தக் குமாஸ்தா அங்கேதான் இருக்கிறார். மவுஸைத் தொடாமல், நிலையங்களின் சுருக்கெழுத்துகளை விரல் நுனியில் வைத்துக்கொண்டு, படிவத்தைப் பார்த்தபடியே தட்டுகிறார். புதிய அமைப்பின் திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் அவருக்குக் கவலையில்லை. வரிசையில் 40 பேர் நிற்கிறார்கள். ஒரு டிக்கெட்டுக்கு இப்போது எத்தனை விசைகள் தட்டுகிறாரோ, நாளையும் அதற்கு மேல் ஒரு தட்டு கூடக் கூடாது.