அடுப்பு எத்தனை மணிக்கு அணைய வேண்டும்?

வளைகாப்புக்கு 60 பேர் வருகிறார்கள், சாப்பாட்டை வீட்டிலேயே செய்துவிடலாமா என்று கேட்டால், தாராளமாகச் செய்யலாம் என்பேன். டீயை எடுத்துக்கொள்ளுங்கள், உட்கார்ந்து கணக்குப் போடுவோம்.

எல்லாரும் முதலில் கேட்பது, அரிசி எத்தனை கிலோ என்று. அது சுலபமான கேள்வி. அதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டியது, அடுப்பை எத்தனை மணிக்கு அணைப்பது என்பதை. 11 மணிக்கு நல்ல நேரம் என்றால் பத்தரைக்கு அடுப்பு அணைந்திருக்க வேண்டும். மகளுக்கு நலங்கு வைத்து வளையல் அடுக்கும்போது பெற்றவள் கரண்டியோடு அடுப்படியில் நிற்கக் கூடாது. வீட்டில் சமைப்பதே அந்தப் பெண்ணுக்காகத்தான். அந்த அரைமணி நேரம் அம்மாவுக்குக் கிடைக்காது என்றால், சாப்பாட்டை வெளியே சொல்லிவிடுவதே மேல். ஆகவே பத்தரையிலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவோம்.

அரிசி தலைக்கு 100 கிராம் வைத்தால் 6 கிலோ. வளைகாப்புக்குக் கலந்த சாதம்தானே வழக்கம். அதை எல்லா வகைக்கும் ஒன்றுபோல் பங்கிட வேண்டாம். புளியோதரைக்கு 2 கிலோ, தயிர் சாதத்துக்கு ஒன்றரை, எலுமிச்சைக்கும் தேங்காய்க்கும் ஒன்றேகால் ஒன்றேகால். சர்க்கரைப் பொங்கல் இதில் சேராது. இலைக்கு ஒரு சிறு கரண்டிதான் என்பதால் முக்கால் கிலோ அரிசி தாங்கும். ஏழு வகை வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னால் மீதி வகைகளைத் தாம்பாளத்தில் வைக்கும் அளவுக்குக் கிண்ணத்தில் செய்துகொள்ளுங்கள். வகை கூடுவதால் யாரும் கூடுதலாகச் சாப்பிடப் போவதில்லை, அடுப்படியில் வேலை மட்டும் கூடும்.

சிக்கல் பாத்திரத்தில்தான் இருக்கிறது. 5 லிட்டர் குக்கரில் அரிசியும் தண்ணீரும் சேர்ந்து பாதிக்கு மேல் போகக் கூடாது. ஒன்றுக்கு இரண்டு தண்ணீர் விட்டால் ஒரு தடவைக்கு 700 கிராம் அரிசிதான் வேகும். 6 கிலோவுக்கு ஒன்பது தடவை ஏற்றி இறக்க வேண்டும். ஒவ்வொன்றுக்கும் அரைமணி நேரம். அதாவது ஒரு பர்னர் நாலரை மணி நேரம் சாதத்துக்கே போய்விடும், தாளிக்க இடம் எங்கே? அதனால் வாடகைப் பாத்திரக் கடையில் பெரிய தவலை ஒன்றும் ஒற்றை அடுப்பும் எடுத்துவிடுங்கள். இரண்டு கிலோவாக வடித்துக்கொண்டால் மூன்றே தடவை. கூடவே, வீட்டு சிலிண்டர் எந்த நிலையில் இருக்கிறது என்று முந்தின வாரமே பாருங்கள்.

இனி வரிசை. எது தாங்குமோ அது முன்னால், தாங்காதது கடைசியில். புளிக்காய்ச்சலை இரண்டு நாள் முன்பே காய்ச்சி வைத்துவிடலாம். புளியும் உப்பும் எண்ணெயும் அதைக் காப்பாற்றும். வேர்க்கடலை, முந்திரி வறுப்பது, எலுமிச்சை பிழிந்து ஃப்ரிட்ஜில் வைப்பது எல்லாம் முந்தின நாள் வேலை. அன்றைக்குக் காலையில் முதலில் புளியோதரை, பிறகு எலுமிச்சை, தேங்காய் சாதம் பத்து மணிக்கு மேல். எலுமிச்சைச் சாற்றைத் தாளிப்பு கொதிக்கும்போது விடாதீர்கள், கசந்துவிடும். இறக்கி, சூடு தணிந்ததும் விடுங்கள். பழைய அரிசியாக வாங்கினால் உதிரி உதிரியாக வரும். தாளிக்கிற எண்ணெயை மட்டும் அப்படியே பெருக்காதீர்கள். பத்து மடங்கு அரிசிக்குப் பத்து மடங்கு எண்ணெய் விட்டால் சாதம் மிதக்கும். முக்கால் பங்கில் ஆரம்பித்து, வேண்டுமானால் சேர்க்கலாம். உப்பு பார்ப்பது ஒருவர் பொறுப்பாக இருக்கட்டும். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு தடவை விழும்.

இந்த வரிசையில் நான் இவ்வளவு கறாராக இருப்பதற்குக் காரணம் உண்டு. அரிசியில் பேசிலஸ் சீரியஸ் என்ற ஒரு கிருமி இருக்கிறது. சாதம் வெந்தாலும் அதன் வித்துகள் சாவதில்லை. 5 டிகிரிக்கும் 60 டிகிரிக்கும் நடுவே சாதம் மணிக்கணக்கில் கிடந்தால் அவை பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு மறுபடி சுட வைத்தாலும் போகாது. தவலையில் குவித்து மூடி வைத்த சாதம் நடுவில் வெகுநேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும், அதுதான் ஆபத்து. தாம்பாளத்தில் பரப்பி, நல்லெண்ணெய் விட்டு, ஃபேனுக்குக் கீழே சீக்கிரம் ஆற வைத்துப் பிறகு கலக்குங்கள். புளிப்பு உள்ள சாதம் ஓரளவு தாங்கும். தேங்காய் சாதத்துக்கு அந்தத் துணை இல்லை. முதல் இலையில் உட்காரப் போகிறவள் வயிற்றுப் பிள்ளைக்காரி. வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாமல் போனால் மற்றவர்களைவிட அவளுக்குத்தான் பாடு அதிகம்.

தயிர் சாதத்துக்கு அரிசியைக் குழைய வேகவைத்து மசித்துக்கொள்ளுங்கள். காய்ச்சி ஆறிய பாலும் தயிரும் ஃப்ரிட்ஜிலேயே இருக்கட்டும், பந்திக்குப் பந்தி கலந்தால் போதும். மூன்றாம் பந்திக்கும் புளிக்காமல் போகும்.

வடையைப் பற்றி என் கருத்து வேறு. வீட்டு வாணலியில் ஒரு ஈட்டுக்கு ஐந்து ஆறு வடை, நாலைந்து நிமிடம். தலைக்கு ஒன்று என்றாலே ஒருவர் முக்கால் மணி நேரம் எண்ணெய்முன் நிற்க வேண்டும், அதுவும் சூடாக வேண்டும் என்றால் சரியாக வளையல் நேரத்தில். வடையைக் கடையில் வாங்குங்கள். இலையில் அப்பளமும் வற்றலும் போதும். அவற்றைக் காலையிலேயே பொரித்து டின்னில் போட்டுவிடலாம்.

கூடத்தில் ஒரு பந்திக்கு 20 பேர் என்றால் மூன்று பந்தி. ஒவ்வொரு வகையையும் முதலிலேயே மூன்று பாத்திரமாகப் பிரித்து மூடிவையுங்கள். ஒரே பாத்திரத்திலிருந்து பரிமாறினால் முதல் பந்தி நன்றாகச் சாப்பிடும். கடைசியில் உட்காருவதோ இவ்வளவு நேரம் ஓடியாடிப் பரிமாறிய வீட்டுப் பெண்கள். அவர்களுக்குத் தேங்காய் சாதம் இருக்காது. மிஞ்சினால், ஊருக்குப் போகிறவர்களுக்குப் புளியோதரையை மட்டும் கட்டிக்கொடுங்கள். தேங்காய் சாதத்தையும் தயிர் சாதத்தையும் பஸ்ஸுக்குக் கொடுத்தனுப்ப வேண்டாம்.