குழாய் எந்தப் பக்கம் போக வேண்டும்?

சேலத்திலிருந்து ஏற்காடு போகிறவர்கள் கோரிமேடு தாண்டியதும் கொண்டப்பநாயக்கன்பட்டியைக் கடப்பார்கள். எதிரே சேர்வராயன் மலை எழுந்து நிற்கும். அந்த மலையில் பெய்யும் மழை ஓடைகளாக இறங்கித் திருமணிமுத்தாறாகிறது. சேலம் நகரைக் கடந்து, நாமக்கல் மாவட்டத்தில் நஞ்சை இடையாறு அருகே காவிரியில் சேர்கிறது. ஆனால் சித்திரை, வைகாசியில் அந்த ஆற்றில் ஓடுவது பெரும்பாலும் நகரத்தின் கழிவுநீர்தான்.

அப்படியானால் அடிவாரத்தில் வரிசையாக ஆழ்துளைக் கிணறுகள் போட்டு, எல்லாவற்றையும் ஒரே குழாயில் இணைத்து, வறண்ட மாதங்களில் ஆற்றில் விட்டால் என்ன? இதை ஆசைப் பேச்சு என்று தள்ளிவிட முடியாது. இங்கிலாந்தில் செய்து காட்டியிருக்கிறார்கள். அங்கே ஷ்ராப்ஷயர் பகுதியில் மணற்பாறையில் தங்கியுள்ள நிலத்தடி நீரை இறைத்து, 1984 முதல் செவர்ன் ஆற்றில் விடுகிறார்கள். ஆறு மெலியும் கோடையில் மட்டும்தான் மோட்டார் ஓடும். நல்ல மழை பெய்த ஆண்டுகளில் நிலத்தடி நீரைத் தொட மாட்டார்கள். தமிழ்நாட்டிலும் இதற்கு நெருக்கமான ஓர் ஏற்பாடு உண்டு. வீராணம் ஏரியில் தண்ணீர் குறையும்போது, நெய்வேலி வட்டாரத்து மணற்பாறை நீரையும் குழாயில் சேர்த்துச் சென்னைக்கு அனுப்பியிருக்கிறார்கள்.

இரண்டு இடத்திலும் அடியில் இருப்பது மணற்பாறை. சேலத்தில் இருப்பது வேறு.

திருச்செங்கோட்டு ரிக் வண்டி இறங்கிய தோட்டத்தில் நின்று பார்த்தவர்களுக்கு அது தெரியும். முதலில் மண்ணும் சரளையுமாக வரும். பிறகு கை வைத்தால் உதிரும் சிதைந்த பாறை. அது முடிகிற ஆழம் வரைதான் கேசிங் பைப் இறக்குவார்கள். அதற்குக் கீழே சார்னகைட், நைஸ் என்னும் கெட்டிப் பாறைகள். கேசிங் இல்லாமலே துளை நிற்கும். அதில் ஏதாவது வெடிப்பு அகப்பட்டால் தண்ணீர். அகப்படாவிட்டால், 1,000 அடி போனாலும் ‘வெறும் புகைதான் வந்தது’ என்று விவசாயி கையைப் பிசைந்து நிற்க வேண்டியதுதான். இந்த ஊரின் நிலத்தடி நீர்த்தொட்டி என்பது உண்மையில் கேசிங் இறங்கிய அந்தச் சில பத்து அடிகளும், கீழே உள்ள வெடிப்புகளும்தான்.

இனிக் கணக்குப் போடலாம். ஆற்றில் நொடிக்கு 10 கன அடி நீர் ஓட வேண்டுமானால் நொடிக்கு 283 லிட்டர் வேண்டும். கெட்டிப் பாறையில் கோடையிலும் நொடிக்கு 2 லிட்டர் தரும் போர் நல்ல போர். அப்படிப் பார்த்தால் சுமார் 140 போர் தேவை. ஒன்றின் நீரை மற்றொன்று இழுக்காமலிருக்க 200 மீட்டர் இடைவெளி விட்டால், வரிசை 28 கிலோமீட்டர் நீளும். ஏறக்குறைய ராசிபுரம் வரை!

அதைவிடப் பெரிய சிக்கல் கொள்ளளவில் இருக்கிறது. மணற்பாங்கான வண்டல் மண் தன் கனஅளவில் சுமார் 16 சதவீத நீரை இறைக்கத் தரும். சிதைந்த பாறை தருவது 1.5 முதல் 3 சதவீதம். 2 என்று வைத்துக்கொண்டால், ஒரு ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்கினால் கிடைப்பது சுமார் 81,000 லிட்டர். ஏழு டேங்கர் லாரித் தண்ணீர். 10 கன அடியை 100 நாள் ஓட்ட, 30,000 ஏக்கரில் நீர்மட்டம் ஒரு மீட்டர் இறங்க வேண்டும். அந்த 30,000 ஏக்கரிலும் மஞ்சளும் மரவள்ளியும் தென்னையும் நிற்கின்றன. சைடு போர் போட்டுக் கிணற்றைக் காப்பாற்றி வைத்திருக்கும் குடும்பங்கள் இருக்கின்றன.

இன்னொன்றும் உண்டு. மழை நின்ற பிறகும் ஓர் ஆறு ஓடுகிறதென்றால், கரையோர நிலத்தடி நீர் கசிந்து வருவதால்தான் ஓடுகிறது. அதே நீரை மேலே இறைத்தால் கசிவு குறையும். விட்ட தண்ணீரில் ஒரு பங்கை வறண்ட ஆற்றுப்படுகையே மறுபடி குடித்துவிடும். 1970களில் இங்கிலாந்தின் மேற்கு பெர்க்‌ஷயர் திட்டத்தில் ஆராய்ந்ததும் இதைத்தான்: இறைத்த அளவும் ஆற்றுக்கு உண்மையில் கூடிய அளவும் ஒன்றல்ல. சேலத்தில் இப்படிக் குழாய் போடுவது கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைக்கிற வேலை.

ஆகவே இங்கே குழாய் எதிர்ப்பக்கம் போக வேண்டும். ஆற்றின் உபரியை நிலத்துக்குக் கொண்டுவர வேண்டும். மேட்டூர்–சரபங்கா நீரேற்றுத் திட்டம் அதைத்தான் செய்கிறது. 565 கோடி ரூபாய் மதிப்பில் 2020 மார்ச்சில் அடிக்கல் நாட்டி, 2021 பிப்ரவரியில் தொடங்கிய இத்திட்டம், அணையின் உபரியிலிருந்து 0.555 டி.எம்.சி. நீரைத் திப்பம்பட்டியில் ஏற்றி 100 ஏரிகளுக்கு அனுப்புவதற்கானது. காலமும் பொருந்துகிறது. கர்நாடகத்தின் தென்மேற்குப் பருவமழையால் மேட்டூர் நிரம்புவது ஆடியில். அப்போது இங்குள்ள ஏரிகள் காய்ந்து கிடக்கும்.

குறைந்த கொள்ளளவே இங்கு நன்மையாகவும் மாறுகிறது. ஏக்கருக்கு அதே 81,000 லிட்டர் உள்ளே இறங்கினால் போதும், கிணறு ஒரு மீட்டர் ஏறும். ஆனால் சீக்கிரம் இறங்கவும் செய்யும். அதனால் ஒரே இடத்தில் பெரிதாகத் தேக்குவதைவிட, பல சிறு ஏரிகளில் அடிக்கடி நிரப்புவதே இந்த மண்ணுக்கு ஏற்றது. படுகையில் படிந்த வண்டலை எடுக்காமல் விட்டால், நிரம்பிய ஏரியிலும் நீர் கீழே இறங்காது, வெயில்தான் குடிக்கும்.

குழாயை மட்டுமே நம்பியிருக்கவும் முடியாது. 2023 தென்மேற்குப் பருவமழையில் மேட்டூர் அணை 120 அடியைத் தொடவே இல்லை. உபரி என்ற பேச்சுக்கே இடமில்லாமல் போனது. மலையடிவாரத்துக்கோ குழாயும் மின்சாரமும் வேண்டாம். சரிவிலிருந்து உருண்டு வந்த கல்லும் சரளையும் படிந்த இடங்களில் ஓடைநீர் எளிதாக உள்ளே இறங்கும். கன்னங்குறிச்சி மூக்கனேரி நிரம்புவது மலைநீரால்தான். அந்த ஓடைகளை வீட்டுமனையாக்கிவிட்டால், அப்புறம் எந்தக் குழாய் வந்தாலும் ஈடு செய்ய முடியாது.

கொண்டப்பநாயக்கன்பட்டி, கன்னங்குறிச்சி ஓடைகளை அளந்து எல்லைக்கல் நடும் வேலையை ஐப்பசி மழைக்கு முன்பே நிர்வாகம் முடிக்க வேண்டும். போர் போடுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: கேசிங் எத்தனை அடி இறங்கியது, எத்தனை அடியில் தண்ணீர் வந்தது என்று ஒரு தாளில் எழுதி உங்கள் உள்ளாட்சி அலுவலகத்தில் கொடுங்கள். அடுத்த திட்டத்தை வரைகிறவர்களுக்கு முதலில் தேவைப்படுவது அந்த இரண்டு எண்கள்தான்.